மண்ணுக்குள் இருந்த வினைச்சொல்

வெஸ்ட் ஹார்லோ, மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 11, 1963

அன்புள்ள கோனி,

உனக்கு ஏழு வயதிருக்கும்போது சமையலறை வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, மறு காலில் இல்லை. "உங்கள நான் என்னன்னு கூப்பிடணும்?" உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு நான் அந்த வீட்டுக்கு வந்த வாரம் அது. மாவு ஒட்டிய கையோடு, "அவசரம் ஒண்ணும் இல்ல, கண்ணு. மெதுவா யோசிச்சுச் சொல்லு" என்றேன். நல்ல பிள்ளை நீ. சொன்ன சொல்லைத் தட்டவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அவசரப்படவே இல்லை.

இன்று அது ஞாபகம் வரக் காரணம் உண்டு. நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்திருந்தான். தொப்பியைக் கழற்றாமலே, "நீங்க ஹாஸ்கெட் குடும்பத்துக்கு என்ன வேணும்மா?" என்றான். "ஹைரம் ஹாஸ்கெட்டோட விதவை" என்றேன். "அது போதாது. ரத்த சம்பந்தம் இருக்கிறவங்க கையெழுத்து வேணும்" என்று சொல்லி, தாளை உள்ளே வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். புதுச் சாலை ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தின் நடுவே போகிறது. பனிக்கு மேலே ஆரஞ்சு நிறக் குச்சிகள் நட்டுவிட்டார்கள். மண் இளகியதும் தோண்டுவார்கள். எந்தக் கல்லை எந்தக் கல்லோடு சேர்த்து எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அந்தந்தக் குடும்பம் ஏப்ரல் 15க்குள் எழுதித் தர வேண்டும். யாரும் கேட்காத கற்களைக் குன்றுக்குப் பின்னால் ஒரு பொது மூலையில் கொண்டுபோய் நட்டுவிடுவார்களாம்.

நம் பங்குக்கு அங்கே இருப்பவை இரண்டு கற்கள். ஒன்று உன் மெஹிட்டபெல்லுடையது. நீயும் உன் அப்பாவும் எத்தனை கோடைக்காலம் அவளைத் தேடி அலைந்தீர்கள்! அவள் ஜோசையா ஹாஸ்கெட்டின் மனைவி, 1761இல் இறந்தாள் என்பதற்கு மேல் நகர முடியாமல் உன் அப்பா தவித்தது எனக்குத் தெரியும். அவள் யார் மகள், எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமலே போய்விட்டார். இன்னொரு கல் அவளுடைய மாமியார் சைலன்ஸுடையது.

கல்லறைக் கமிட்டியில் இப்போது ஓரின் ஸ்டைல்ஸ் இருக்கிறான். என்னிடம் படித்தவன். கணக்கில் சுமார், வாயில் முதல் மாணவன். "டீச்சர், உயிரோட இருக்கிறவங்களோட ஒரு வேலிய நகர்த்தணும்னாகூட இந்த ஊர்ல மூணு வருஷம் கூட்டம் போடுவோம். செத்தவங்கள மொத்தமா நகர்த்த ரெண்டு மாசம் போதுமாம்!" என்கிறான்.

நீதான் முடிவு சொல்ல வேண்டும். ஓரின் மூலம் வாங்கிய தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டொலிடோவில் குளிர் எப்படி? வால்ட் மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா?

அன்புடன்,
அடீலியா

•

டொலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி 17

உங்கள் கடிதமும் தாளும் வந்தன.

முடிவு சொல்ல ஒரு நிமிடம் போதும். மெஹிட்டபெல்லைப் புதுக் கல்லறைத் தோட்டத்தில், அப்பா அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவளைத் தேடுவதை இன்னும் நான் முடிக்கவில்லை. அவளைப் பெற்றவர்கள் யார் என்று அப்பாவுக்காக நான் கண்டுபிடித்தே தீருவேன்.

சைலன்ஸ் பொது மூலைக்குப் போகட்டும்.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நன்றித் திருநாள் தோறும் அப்பா வான்கோழியை அறுப்பதற்கு முன்னால் கத்தியை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்வார். நீங்களும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கல்யாணமாகி வந்த பெண், கையில் பால்குடி மறவாத குழந்தை, வெளியே ஆள் உயரப் பனி. மாமியார் கதவைத் திறந்து வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். மெஹிட்டபெல் பக்கத்து வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். இதை யாரும் கட்டிவிடவில்லை. அவளுடைய கல்லிலேயே இருக்கிறது. சின்ன வயதில் அந்த எழுத்துகளில் விரலை வைத்து நான் படித்திருக்கிறேன்: "பெரும்பனியில் தன் மாமியார் சைலன்ஸால் வீட்டை விட்டு வெளியே."

இதே கதையை என் பெண்களுக்கும் சொல்லி வளர்த்தேன். தள்ளியவளைத் தள்ளப்பட்டவளோடு ஒரே வண்டியில் ஏற்றி அனுப்ப மாட்டேன். அவளை மெஹிட்டபெல்லின் காலடியில் புதைத்தார்களே, அதுவே அவளுக்குத் தண்டனை என்று அப்பா சொல்வார். அந்தத் தண்டனையும் இனிப் போதும்.

இன்னொன்று. அப்பாவின் கல்லைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கேட்காமலிருப்பது உங்கள் வழக்கம். "கேட்டுடுவாங்களோன்னு பயப்படுறியா, கேக்கலையேன்னு கோவப்படுறியா?" என்று வால்ட் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

கோனி

•

வெஸ்ட் ஹார்லோ
மார்ச் 2

அன்புள்ள கோனி,

கல்லைப் பார்த்தேன். அக்டோபரில் சாமந்திச் செடி எடுத்துப் போனபோதே பார்த்துவிட்டேன். எழுத்துகள் நன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. உன் அம்மா ரூத்தின் பெயர், உன் அப்பாவின் பெயர், கீழே வசனம். கல் முழுவதும் நிரம்பியிருக்கிறது. ஒரு காற்புள்ளி வைக்கக்கூட இடமில்லை. அப்படித்தான் நீ விரும்பினாய் என்று புரிந்துகொண்டேன். நான் எங்கே போவேன் என்று ஓரின் கேட்டான். "இப்போதைக்கு மளிகைக் கடைக்கு" என்றேன்.

அதை விடு. மெஹிட்டபெல்லுக்கு வருகிறேன்.

வகுப்பில் நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு: வாக்கியம் புரியவில்லையானால் முதலில் யார் முன்னால் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று பாருங்கள். பேருந்தில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உட்கார ஆசைப்பட்டது யார்? பின்னால் ஏறியவர். சைலன்ஸின் கல்லில் 1748 என்று இருக்கிறது. மெஹிட்டபெல் 1761. இருவரும் பாதத்தோடு பாதம் தொடும்படி கிடக்கிறார்கள்; முன்னால் போனவள் சைலன்ஸ். அப்படியானால் யார் காலடிக்கு யார் வந்தது? இதை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லையா, நான்தான் ஏதோ தப்பாக எண்ணுகிறேனா?

அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமை கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளியில் சுற்றிச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். தேய்ந்த எழுத்தை நேர் வெயிலில் படிக்க முடியாது. கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் பாய்ச்சினால், பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும்.

மேப்பிள் சாறு பிடிக்கும் வாளிகளோடு ஓரின் அந்த வழியே வந்தான்.

"ஐயய்யோ டீச்சர்! அவங்களுக்கு முகம் பாக்கக் கண்ணாடி கொண்டாந்தீங்களா? இருநூறு வருஷம் கழிச்சுக் காட்டினா பயந்துற மாட்டாங்க?"

"வாய மூடிக்கிட்டு இந்தப் பக்கம் பிடிடா."

"சைலன்ஸ்னு ஒரு வார்த்தை கத்துங்க, மூடிக்கிறேன். அந்தக் காலத்துல அப்படித்தானே."

உண்மைதான். அந்தப் பெண்ணின் பெயரை முப்பது வருடத்துக்கு மேல் நாள்தோறும் கத்தியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு தடவையும் யோசித்ததில்லை.

சைலன்ஸின் பெயருக்கு அடுத்து ஒரு மூலை உடைந்து, பாசியேறிக் கிடக்கிறதல்லவா? ஹாஸ்கெட் என்றுதான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணினோம். ஓரின் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தான். நிழல் விழுந்தது. முதல் எழுத்து ஹாஸ்கெட்டின் எழுத்து இல்லை, கோனி. அது 'ட'. அடுத்தது 'ர்' போலத் தெரிகிறது. பிறகு கல்லே இல்லை.

நீ சொன்னபடியே எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் இதை உனக்குச் சொல்லாமல் எப்படி அனுப்புவது?

அன்புடன்,
அடீலியா

•

டொலிடோ
மார்ச் 9

கண்ணாடி வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம். பாசி படிந்த கல்லில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அது ஒரு கீறலாக இருக்கும்.

இப்படி எழுதித் தபாலில் சேர்க்கப் போனேன். சேர்க்காமல் திரும்பிவிட்டேன். அலுவலகத்தில் தலைவலி என்று பொய் சொல்லி, இங்கே நூலகத்தில் நியூ இங்கிலாந்து ஊர்களின் பழைய பதிவுகளை அச்சிட்டு வைத்திருக்கும் அறைக்குப் போனேன். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எப்போதும் ஹாஸ்கெட் என்ற பெயரின் கீழேதான் தேடியிருக்கிறேன். இந்த முறை ஜோசையாவை விட்டுவிட்டு அவனுடைய அம்மாவைத் தேடினேன்.

அவள் பெயர் அபிகெயில். சைலன்ஸ் இல்லை. 1752 வரை உயிரோடு இருந்திருக்கிறாள். ஜோசையாவுக்கு வேறு அம்மா கிடையாது. அப்படியானால் மெஹிட்டபெல்லுக்கு மாமியார் அபிகெயில்தான். கல்லில் மட்டும் மாமியார் சைலன்ஸ் என்று ஏன் இருக்கிறது?

பிறகு உங்கள் 'ட'வைத் தேடினேன். சுற்றுவட்டாரத்தில் அந்த எழுத்தில் இருந்த குடும்பம் ஒன்றே ஒன்று. டர்ரெல். அடுத்த ஊர். காலெப் டர்ரெல் என்பவனுக்கு 1709இல் மெஹிட்டபெல் என்று ஒரு பெண் பிறந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் தாய் மூன்று வருடத்தில் இறந்துவிட்டாள்.

அப்பா இதைத்தான் இருபது வருடம் தேடினார். நான் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சைலன்ஸ் டர்ரெல் என்றால் அவள் மெஹிட்டபெல் பிறந்த வீட்டுக்காரி. பிறந்த வீட்டில் மாமியார் எப்படி இருக்க முடியும்? முடிச்சை அவிழ்க்கப் போய் இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து சூப் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. "உங்க குடும்பத்துல செத்தவங்களுக்குத்தான் மரியாதை. உயிரோட இருக்கிறவன் கருகினதச் சாப்பிடணும்" என்கிறார் வால்ட்.

கோனி

•

வெஸ்ட் ஹார்லோ
மார்ச் 18

அன்புள்ள கோனி,

மெஹிட்டபெல் டர்ரெல்! உன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். பூனை திரும்பிப் பார்த்தது.

நீ கேட்ட கேள்விக்கு ஒரு பதில் எனக்குத் தோன்றுகிறது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எனக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று நினைப்பாய். இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன்.

சொற்களும் ஆட்களைப் போலத்தான் வீடு மாறும். நம் ஆங்கிலத்தில் மாமியாருக்கு நாம் வைத்திருக்கும் 'மதர்-இன்-லா' என்ற சொல்லைப் பிரித்துப் பார். 'சட்டத்தால் வந்த தாய்' என்றுதானே இருக்கிறது? வயிற்றில் சுமக்காமல் சட்டத்தால் தாயானவள். கணவனின் தாய் அப்படித்தான் வருகிறாள். வேறு யார் அப்படி வருவாள்? அப்பா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவள். அந்தக் காலத்தில் இருவருக்கும் இந்த ஒரே சொல்தான். பழைய உயில்களில் நானே பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன் தன் மாமியார் வீட்டில் வளர்கிறான் என்று இருக்கும். பத்து வயதில் அவனுக்கு ஏது மாமியார்? மாற்றாந்தாயைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஆக, சைலன்ஸ் மெஹிட்டபெல்லின் கணவனைப் பெற்றவள் இல்லை. அவள் அப்பாவின் இரண்டாம் மனைவி.

அந்தக் கணக்கில் நானும் உனக்கு 1925இலிருந்து மாமியார். இதை வால்ட்டிடம் சொல்லாதே. மாமியார் ஒருத்தி கூடிவிட்டாள் என்று மனிதன் வீட்டை விட்டு ஓடிவிடுவார்.

இதனால் அவள் நல்லவள் ஆகிவிடவில்லை. மாற்றாந்தாயும் பிள்ளையைப் பனியில் தள்ளலாம். தள்ளியவர்கள் உண்டு. ஆனால் இன்னொன்று என்னை உறுத்துகிறது. நீ விரல் வைத்துப் படித்த அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படி. "சைலன்ஸால் வீட்டை விட்டு வெளியே." வெளியே, சரி. வெளியே என்ன? தள்ளப்பட்டாளா, அனுப்பப்பட்டாளா, அழைத்துவரப்பட்டாளா? வினைச்சொல்லைக் காணோம். எழுவாய் இருக்கிறது, இடம் இருக்கிறது, பயனிலை இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். உங்கள் குடும்பம் ஆறு தலைமுறையாகத் தன் கையால் ஒரு வினைச்சொல்லைப் போட்டு அதை நிரப்பியிருக்கிறது.

கல் தரைக்குக் கீழே இறங்கியிருக்கிறது, கோனி. வருடந்தோறும் மண் உறைந்து இளகி, உறைந்து இளகி, கல்லை உள்ளே இழுத்துக்கொண்டது. 'வெளியே' என்ற சொல்லின் அடிப்பாகத்தைப் புல் தொடுகிறது. மீதி கீழே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய இயந்திரத்தால் அள்ளினால் அந்த இடத்திலேயே கல் முறிந்துவிடும் என்று ஓரின் சொல்கிறான். இப்போது கையால் தோண்டினால் பார்க்கலாம்.

நீ சரி என்று சொல்லாமல் நான் மண்ணில் கை வைக்க மாட்டேன். ரத்த சம்பந்தம் உள்ளவள் நீ.

அன்புடன்,
அடீலியா

•

டொலிடோ
மார்ச் 27

ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை. காரில் ஏறினால் எங்கே போகிறோம் என்பது மறந்துபோகிறது. நேற்று அலுவலகத்தில் ஒருவருக்குப் போக வேண்டிய கண்ணாடிச் சரக்கை வேறொருவர் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். இருபது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

உங்கள் விளக்கம் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகத்தில் இருக்கும் அம்மாளிடம் வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டேன். "ஆமாம்மா, இதுல தடுக்கி விழாதவங்க யாரு? நானே என் கொள்ளுத் தாத்தாவுக்கு மூணு கல்யாணம் பண்ணி வெச்சுட்டேன்" என்றார்.

அந்தக் கதை பொய்யானால் எனக்கு என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்க்கிறேன். நன்றித் திருநாளில் அப்பா கதையை முடித்ததும் நான் உங்களைப் பார்ப்பேன். ஒவ்வொரு வருடமும். உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அடுத்தவரிடம் நகர்த்துவீர்கள். அம்மா இருந்த இடத்தில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கதவைத்தான் திறப்பார்கள் என்று எனக்கு ஏழு வயதில் தோன்றியது. அது தவறென்று தோன்றும்படி நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வருகிறேன். எழுதிப் பார்த்தால் அதுவும் சரியாக இல்லை.

தோண்டுங்கள்.

கீழே 'தள்ளப்பட்டாள்' என்றே இருந்தால், அதையும் மாற்றாமல் எழுதி அனுப்ப வேண்டும். அப்போது சைலன்ஸ் பொது மூலைக்குப் போவாள், நீங்கள் அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசக்கூடாது. கீழே வேறு ஏதாவது இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

கோனி

•

வெஸ்ட் ஹார்லோ
ஏப்ரல் 8

அன்புள்ள கோனி,

இங்கே சேற்றுக்காலம். வண்டி எதுவும் மேலே ஏறாது. ஓரினும் நானும் நடந்தே போனோம். நான் சமையலறைக் கரண்டியையும் பழைய துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டேன், அவன் மண்வெட்டியை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? உள்ள மோசமா ஏதாச்சும் இருந்துச்சுன்னா?"

"இருந்தா படிப்போம்."

"நீங்க எங்க பரீட்சைத் தாளையெல்லாம் இதே மூஞ்சியோடதான் திருத்துவீங்க. பாசா பெயிலான்னு கடைசி வரைக்கும் தெரியாது."

புல்லைக் கத்தியால் அறுத்துப் பாய் போலச் சுருட்டி வைத்தோம். ஒரு சாண் ஆழம் போனதும் எழுத்து வந்தது. மண்ணுக்குள் இருந்ததால் நேற்று வெட்டியது போல இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை.

நீ கேட்டபடி மாற்றாமல் எழுதுகிறேன். முதல் பகுதி உனக்குத் தெரிந்தது:

பெரும்பனியில் தன் மாமியார்
சைலன்ஸால் வீட்டை விட்டு வெளியே

இனிக் கீழே உள்ளது:

எட்டு வயதில் முதுகில் சுமந்து வரப்பட்டு
தீயிலிருந்து பிழைத்தவள்
தன்னைச் சுமந்தவளின் பாதத்தில்
கிடக்க விரும்பினாள்

அவ்வளவுதான். ஓரின் தொப்பியைக் கழற்றினான். "வீடு எரிஞ்சிருக்கு, டீச்சர். பனிக்காலத்துல புகைபோக்கி பத்திக்கிச்சுன்னா இன்னைக்கும் கஷ்டம்தான்" என்றான்.

மெஹிட்டபெல் சாகும்போது ஐம்பது வயதைத் தாண்டியவள். கணவன் இருந்தான், பிள்ளைகள் இருந்தார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அவள் சொன்ன இடம் அது.

சுருட்டிய புல்லை மறுபடி போர்த்தவில்லை. நீ வந்தால் பார்க்கலாம் என்று ஒரு பலகையால் மூடி வைத்திருக்கிறேன். உன் தாளில் இன்னும் கையெழுத்து இல்லை. 15ஆம் தேதி திங்கட்கிழமை. அதைத் தவிர உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

அன்புடன்,
அடீலியா

•

டொலிடோ
ஏப்ரல் 11, விரைவுத் தபால்

அன்புள்ள .................... ,

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு கல்லும் ஒரே வண்டியில் வர வேண்டும். இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, சைலன்ஸ் முன்னால், அவள் பாதத்தில் மெஹிட்டபெல். புதுத் தோட்டத்தில் நடும்போது கல்லின் கடைசி வரியும் தரைக்கு மேலே நிற்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஓரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். வால்ட் கேட்டார், "என்ன, தள்ளினாளா இல்லையா?" "தூக்கினா" என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே அழைத்துப் போனார். ஆற்றங்கரை வரைக்கும் நடந்தோம்.

அந்த எட்டு வயதுப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதுகில் இருந்தவளுக்குச் சுமந்தவளின் முகம் தெரிந்திருக்காது. பின்னந்தலைதான் தெரிந்திருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், அறையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு கொதிநீர்ப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. லாட்டி அத்தைதான் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். லாட்டி அத்தை அந்த வருடம் மெய்ன் மாநிலத்தில் இருந்தார். இது எனக்கு வெகுநாளாகத் தெரியும்.

நேற்றுக் கல்வெட்டுபவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்பாவுக்கு ரூத் அம்மா வலப்பக்கம். இடப்பக்கம் இடம் இருக்கிறது, அது நம்முடையதுதான். அதே கல், அதே உயரம் வேண்டும் என்றேன்.

"செஞ்சுடலாம்மா. என்ன எழுதணும்?"

"அடீலியா ஹாஸ்கெட்."

"அதுக்குக் கீழ? உங்களுக்கு அவங்க என்ன வேணும்?"

தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினேன்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? என்ன முறைன்னு சொன்னாத்தானே வெட்ட முடியும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது உங்களைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தின் முதல் வரியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கிறீர்கள். எனக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு பெண்களை வளர்த்துவிட்டேன், இன்னும் அந்தச் சமையலறை வாசலில்தான் நிற்கிறேன்.

உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது?

கோனி

•

வெஸ்ட் ஹார்லோ
ஏப்ரல் 16

அன்புள்ள கோனி,

தாள் சனிக்கிழமை வந்தது. நேற்றுக் காலை ஓரின் தானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்தும் வரை அங்கேயே நின்றானாம். "நீங்க ஹாஸ்கெட்டுக்கு என்ன வேணும்?" என்று அந்த ஆள் அவனையும் கேட்டானாம். "நான் ஃபெயிலான மாணவன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மெஹிட்டபெல்லையும் சைலன்ஸையும் அடுத்த வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். மழை இல்லையென்றால். நீ வர முடியுமானால் உன் அறையில் விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். வால்ட்டுக்குக் கருகாத சாப்பாடு உண்டு என்று சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். சமையலறை வாசலில் நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும்: அவசரம் ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்தொன்பது வயதுதான். ஆனால் பதிலை நான் சொன்னால் அது என் விடையாகிவிடும், உன் விடையாகாது. மண்ணுக்குள் இருந்த வினைச்சொல்லை நாம் வேறு எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

அதனால் உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். உள்ளே ஒரு எழுத்தும் திருத்தவில்லை. முதல் வரியை மட்டும் பார். பென்சில் போதும், பிறகு அழித்துக்கொள்ளலாம். வகுப்பில் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதியதையே உனக்கும் எழுதுகிறேன்:

கோடிட்ட இடத்தை நிரப்பு.